நுரை ஊசியும் சாமி மாத்திரையும்

கயல் கண்ணு,

இங்கே அப்பாவும் நானும் என் இரண்டு கால்களும் நலம். உன் கால்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனில் பேசிப் பதிந்து அனுப்பலாம்தான். ஆனால் நான் பேசி அனுப்புவதை நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் தழுதழுத்துச் சொன்ன செய்தி உனக்கு வாத்துக் குரலில் கேட்டதாக நீயே சொல்லிச் சிரித்தாய். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்துப் படித்தவள்தானே, வாய்க்குள் சொல்லிக்கொண்டு மெதுவாகப் படி. நீ சம்மதித்தால், கோயில் சமையற்கட்டில் என்னோடு வேலை செய்கிற அக்காமாருக்கும் இதை வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல விளக்கியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு நீ மெல்பர்னிலிருந்து கூப்பிட்டபோது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாய். "அம்மா, அம்மி மிதிக்கிறப்போ பிரவீன் என் காலப் பிடிச்சுத் தூக்கி வைப்பான்ல? எல்லாரோட ஃபோனும் என் கணுக்காலத்தான் பாக்கும். அந்த நீலக் கோடெல்லாம் வீடியோல எவ்ளோ அசிங்கமா இருக்கும் தெரியுமா? அதான் ஊசி போட அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டேன். போட்டுட்டு அதே வாரம் ஃபிளைட் ஏறிடுவேன். நீங்க குடுத்த மாத்திரையும் அந்த வாரம்தான் ஸ்டார்ட் பண்ணணும், கேலண்டர்ல மார்க் பண்ணிட்டேன். ஹேப்பியா?"

'வைப்பான்' இல்லைடி, 'வைப்பார்' என்று திருத்தத்தான் முதலில் வாயைத் திறந்தேன். மாத்திரை என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நிச்சயம் செய்து தேதி குறித்தோம். அன்றைக்கே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கல்யாண நாள் உனக்குச் சரிப்படாத நாளாக விழும் என்று கணக்குப் போட்டு, மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை ஓர் அட்டையை மஞ்சள் குங்குமத்தோடு சேர்த்து உன் பையில் வைத்தவள் நான்தான். அதற்குப் பிறகு என் காலுக்கு நடந்ததெல்லாம் நடந்தும், உன் பையில் வைத்த அட்டை எனக்கு நினைவுக்கே வரவில்லை. நீ சொன்னபோதுதான் வந்தது. உடனே "அந்த மாத்திரையைத் தொடாதே, ஊசியும் இப்போது வேண்டாம், காரணம் எழுதுகிறேன்" என்று செய்தி அனுப்பினேன். நீ பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாய். கட்டைவிரலை நம்புகிறவள் இல்லை நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் கால் கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ வயிற்றில் இருந்தபோது இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கோடு எழுந்தது. நீ பிறந்ததும் போய்விடும் என்றார்கள். நீ பிறந்தாய், அது போகவில்லை. மெல்ல மெல்லக் கயிறு மாதிரி தடித்து, முடிச்சு முடிச்சாகக் கணுக்கால் வரை இறங்கியது. நரம்பு சுருட்டல் என்று ஊரில் எல்லோரும் சொல்வது இதைத்தான். கோயிலில் அன்னதானத்துக்கு நின்றுகொண்டே காய் நறுக்கி, நின்றுகொண்டே பரிமாறிவிட்டு வீடு திரும்பினால் கால் ஈரமூட்டைபோல் கனக்கும். அப்பாவுக்கு வேடிக்கை. நம் வீட்டு வாசல் வழியாகப் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தைச் சுற்றி ஓடுகிற எல்.ஆர்.டி. ரயிலைக் காட்டி, "புக்கிட் பாஞ்சாங்க சுத்திவர தண்டவாளம் மொத்தமும் உங்கம்மா கால்லயே இருக்கு, வரைபடமே தேவையில்ல" என்பார். நானும் சிரித்துக்கொண்டு நல்லெண்ணெய் தடவி விட்டுவிடுவேன். போன வருடம் அன்னதானச் சட்டியின் விளிம்பு பட்டுக் கணுக்காலில் ஒரு கீறல் விழுந்தது. சுண்டுவிரல் நகமளவுக் கீறல். கார்த்திகை போய் மார்கழி வந்தும் அது ஆறவில்லை. சுற்றிலும் தோல் கறுத்து, அரித்து, நீர் கசிந்தது. அப்போதுதான் அப்பாவின் சிரிப்பு நின்றது. தைப்பூசத்துக்கு முன்னால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

டாக்டர் தமிழ்ப் பெண். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னை ஒரு மேடைமேல் நிற்கவைத்து, காலில் குளிர்ந்த பசையைத் தடவி, சின்னக் கருவி ஒன்றை வைத்து அழுத்தினாள். திரையைத் திருப்பி, "பாருங்க ஆண்ட்டி, இதான் உங்க நரம்பு" என்றாள். கறுப்புக்குள் ஒரு கறுப்பு வட்டம். என் கெண்டைக்காலை அவள் பிசைந்தாள். வட்டம் முழுக்க நீலம் பளிச்சென்று ஏறியது. கையை விட்டதும் அதே வட்டத்தில் சிவப்பு சரசரவென்று இறங்கியது. கருவியிலிருந்து காற்றடிப்பதுபோல ஒரு சத்தம்.

"நீலம் மேல போற ரத்தம். செவப்பு திரும்பிக் கீழ விழற ரத்தம். விழக்கூடாது லா. உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. ரத்தம் மேல ஏறினதும் பின்னாலேயே மூடிக்கணும். உங்களுக்கு இந்த நரம்புல கதவு மூட மாட்டேங்குது. அதான் கனம், அதான் புண்ணு ஆறல."

கதவா என்று கேட்டேன். கதவுதான் என்றாள். பிறகு வலது காலில், கெடாத ஒரு நரம்பைத் தேடிக் காட்டினாள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன் கயல். நூலைவிட மெல்லிய இரண்டு இதழ்கள். திறந்தன, இரத்தம் போயிற்று, மூடின. மறுபடி திறந்தன. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், நான் தூங்கும்போதும், உன்னோடு சண்டை போடும்போதும், பரிமாறும்போதும், காலிலிருந்து நெஞ்சுவரை இரத்தத்தைப் படி ஏற்றிவிட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. கோயிலுக்குள் போகும்போது மணி பதித்த பெரிய கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நான் உள்ளே கால் வைத்ததில்லை. என் காலுக்குள்ளேயே இத்தனை கதவுகளை அவன் வைத்திருக்கிறான், ஒருநாள்கூட ஒன்றுக்கும் கும்பிடு போட்டதில்லையே என்று அழுதுவிட்டேன். டாக்டர் நான் வலியில் அழுகிறேன் என்று நினைத்துக் கருவியை எடுத்துவிட்டாள். "வலிக்கல கண்ணு, இன்னொரு வாட்டி காட்டு" என்றேன். சிரித்துக்கொண்டே காட்டினாள்.

கெட்ட நரம்பை ஊசி மருந்து போட்டு மூடிவிடலாம் என்றாள். மருந்தின் பேர் பாலிடோகனால். கத்தி இல்லை, மயக்கம் இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டாள். ஒவ்வாமை உண்டா? ஒற்றைத் தலைவலி உண்டா? இதயத்தில் ஓட்டை என்று சின்ன வயதில் யாராவது சொன்னார்களா? கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா? அப்பா இருமினார். உங்களுக்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ இரத்தம் கட்டியதுண்டா? மருந்து, ஹார்மோன் எதுவும் எடுக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். பொய் சொல்கிற எண்ணமே எனக்கு இல்லை. தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஊசிக்கு ஒரு நாள் சொல்லி, அது சரிப்படுமா என்றாள்.

"தாராளமா வரேன். அன்னைக்கு எனக்கு வீட்டுக்குத் தூரமா இருக்குமோன்னு நீங்க கவலப்படவே வேணாம். நேத்திலேர்ந்து மாத்திரை போடறேன். தைப்பூசத்துக்காக ஆரம்பிச்சது, இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கிட்டாப் போச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "ஆண்ட்டி, மருந்து எதுவும் எடுக்கலன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது மருந்து இல்லையே டாக்டர். அது சாமிக்குப் போடறது."

கயல், அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. நம் வீட்டில் காய்ச்சல் மாத்திரையும் அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் சமையலறை அலமாரியில் இருக்கும். இந்த அட்டை மட்டும் சாமி அறை இழுப்பறையில், விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எனக்கு மட்டுமா? கோயில் சமையற்கட்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்கி, திருவிழாவுக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, பிள்ளைகள் கல்யாணத்துக்கு என்று கற்பூரம்போல் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். அதை விழுங்கும்போது தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் 'முருகா' என்று சொல்லித்தான் விழுங்குவேன். அப்படிப்பட்டதை மருந்து என்று யார் நினைப்பார்கள்?

"நான் ஏசல ஆண்ட்டி. எங்கம்மாவும் சாமி ரூம்லதான் வச்சிருப்பாங்க" என்றாள் டாக்டர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். அந்த மாத்திரைக்குள் இருப்பது ஹார்மோன். சில பேருக்கு அது இரத்தம் கட்டிப்போகிற வாய்ப்பைக் கூட்டிவிடும். ஊசி மருந்தின் வேலை மேலே இருக்கிற கெட்ட நரம்பை மூடுவது. அந்த நேரத்தில் ஆழத்தில் இருக்கிற பெரிய நரம்பில் கட்டி உண்டாகிவிட்டால், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைக்கலாம். நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை கேள்வியும்.

அப்போது அப்பா மெல்ல வாயைத் திறந்தார். "ஏய், உங்கக்காவுக்கு அப்பிடித்தானே ஆச்சு? மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வந்துச்சே?"

உன் பெரியம்மாவைத்தான் சொன்னார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, இரண்டொரு நாளில் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, மாதக்கணக்காக இரத்தத்தை இளக்குகிற மருந்து சாப்பிட்டாள். நம் வீட்டில் அதற்குப் பேர் கண்ணேறு. குழந்தை பார்க்க வந்த யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் உடைத்தோம். இரத்தம் கட்டியதுண்டா என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பெரியம்மா நினைவே வரவில்லை. கண்ணேறு பட்டதுண்டா என்று கேட்டிருந்தால் முதல் ஆளாகச் சொல்லியிருப்பேன்.

டாக்டர் ஊசியைத் தள்ளிவைத்தாள். மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னாள். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, சில வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றாள். "அப்ப தைப்பூசம்?" என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். ரயிலில் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நீ பிறந்த வருடம் வேண்டிக்கொண்டதிலிருந்து ஒரு வருடம் தவறாமல் பால்குடம் எடுத்தவள். இந்த வருடமும் மார்கழியிலிருந்து விரதம். இத்தனை விரதத்தையும் ஒரு சின்னப் பெண் பேனாவை வைத்துவிட்டுக் கலைத்துவிட்டாளே என்று கோபம். மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் வந்தேவிட்டது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள்.

பால்குடத்தை, என்னோடு சமையற்கட்டில் வேலை செய்கிற பார்வதி அக்கா எனக்காகத் தூக்கினார். நம் வழக்கப்படி நான் கோயிலுக்குள் போகவில்லை. ஆனால் வீட்டிலும் உட்கார முடியவில்லை. விடிந்தும் விடியாமல் அப்பாவை எழுப்பிக்கொண்டு போய், ஊர்வலம் போகிற சிராங்கூன் சாலை ஓரத்தில் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நிமிர்ந்து பார்க்க வெட்கம். தெரிந்தவர்கள் யாராவது, ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததால் எனக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன.

வருடா வருடம் அந்த ஊர்வலத்தில் நடந்தவள், அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததேயில்லை. வெறுங்கால்கள். மஞ்சள் பூசியவை, பித்தவெடிப்பு வெடித்தவை, பச்சை குத்தியவை, நம்மோடு காவடி எடுக்கிற சீனப் பிள்ளைகளின் வெளுத்த கால்கள், கொலுசு போட்ட சின்னப் பாதங்கள், தார்ச்சாலையில் பட்டுப் பட்டு எழுந்தன. எத்தனை கால்களில் என்னைப்போலவே முடிச்சு! ஒரு பெரியவரின் கெண்டைக்காலில் என் சுருட்டலைவிடத் தடித்த சுருட்டல். அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் உள்ளே நீலம் பளிச்சென்று மேலே ஏறுவது எனக்குத் தெரிந்தது. ஆமாம், தோலுக்கு உள்ளே எனக்குத் தெரிந்தது. மேளத்துக்குத் தக்கபடி ஆயிரம் ஆயிரம் கதவுகள் திறந்து மூடின. மயிரெல்லாம் சிலிர்த்துப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இதை எல்லாம் செய்து வைத்தவன், பெண்களுக்கு ஒரு மாதக் கணக்கையும் சேர்த்தே செய்து வைத்திருக்கிறான். அந்தக் கணக்கை இத்தனை வருடமாக நான் அவனிடமிருந்தே மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டிருந்தேன்!

அப்போது பார்வதி அக்காவின் குரல். "ஏய், உன் பால்குடம் இந்தக் கனம் கனக்குதே, என்னதான்டி வேண்டிக்கிட்ட?"

"ஒன்னும் வேண்டிக்கல. பேசாம நடங்கக்கா!"

"நடக்கத்தான் செய்யிறேன். உன் சாமி என் தலையில உக்காந்திருக்கு, நீ சொகமா நில்லு!" சிந்திய பாலைத் துடைக்காமல் சிரித்துக்கொண்டே போனார். அவர் கால் என் முன்னால் ஒரு கணம் நின்று, எழுந்து, போயிற்று. நான் நின்ற இடத்திலேயே அந்தக் காலைக் கும்பிட்டேன்.

மாசியில், பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்தபிறகு, டாக்டர் ஊசி போட்டாள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ நினைப்பதுபோல அது சும்மா ஒரு குத்து இல்லை. என்னைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினார்கள். டாக்டர் இரண்டு ஊசிக்குழல்களை எடுத்தாள். ஒன்றில் தண்ணீர் மாதிரி மருந்து, ஒன்றில் வெறும் காற்று. இரண்டுக்கும் நடுவில் குட்டிக் குழாய்த்திருகு. இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று வேகவேகமாகத் தள்ளினாள். தேக்கா மார்க்கெட்டில் தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் ஆற்றுகிறவர் இந்தக் குவளைக்கும் அந்தக் குவளைக்குமாக ஆற்றுவாரே, அதுபோல. என் கண்ணெதிரே தண்ணீர் பாலானது, பால் வெண்ணெய் மாதிரி நுரையானது. பாற்கடலைக் கடைந்ததாகக் கேட்டிருக்கிறேன். உள்ளங்கையளவில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

"சீக்கிரம் போடணும் ஆண்ட்டி, விட்டா மறுபடி தண்ணியாயிடும்" என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினாள். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், நரம்பின் நடுவில், ஊசியின் முனை வெள்ளைப் புள்ளியாக வந்து நின்றது. நுரை உள்ளே போய் இரத்தத்தை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, மேகம் நகர்வதுபோலத் திரையில் நகர்ந்தது. இந்த மருந்து நரம்பின் உள்சுவரைச் சுருங்கவைத்து, சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளச் செய்யுமாம்.

"மூடிட்டா, அதுல போன ரத்தம் எங்க போகும்?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் பயம்.

"நல்ல நரம்பு நிறைய இருக்கு ஆண்ட்டி. அதுவே வழி தேடிப் போயிடும். நாம ஒன்னும் சொல்லித்தர வேணாம்."

நாம் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம் என்ற அந்த வார்த்தையை நான் இன்னும் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

முடிந்ததும் இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டார்கள். ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பார்த்தார்கள். பிறகு டாக்டர், "இப்ப போய்ப் படுக்கக்கூடாது. நல்லா நடங்க" என்றாள். கோயிலைச் சுற்றாமல் விட்ட காலல்லவா? தேக்கா மார்க்கெட்டைச் சுற்றி அப்பாவோடு நடந்தேன். பூக்கடை, தையற்கடை, மீன் வாடை, மறுபடி பூக்கடை. "என்ன, பிரதட்சிணமா?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். மூன்றாவது சுற்றில் அவர் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

இரவும் பகலும் எத்தனை நாள் அந்தக் காலுறை, எப்போது கழற்றலாம் என்று டாக்டர் சொன்னதை, வீட்டுச் செலவு எழுதுகிற பழக்கத்தில் அப்படியே எழுதிவைத்துப் பின்பற்றினேன். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை மங்கினாலோ, வீட்டில் சூடத்தைச் சுற்றிக்கொண்டு இருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றாள். 'சூடம்' என்று அவள் சொல்லவில்லை, அது நான் சேர்த்துக்கொண்டது. நீண்ட தூர விமானப் பயணம் சில வாரத்துக்கு வேண்டாம் என்றாள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. பங்குனி பிறக்கும்போது கணுக்கால் புண் மூடிப் புதுத்தோல் வந்திருந்தது. ஒரு கீறல் ஆறியதற்குக் கோயிலில் தேங்காய் உடைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஊசி போடாதே என்று நான் சொல்லவில்லை. அந்த ஊசியால்தான் என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. நீயும் நாள் முழுக்க ஓட்டல் அடுப்படியில் நின்றுகொண்டு கேக் செய்கிறவள். உன் கால் ஒருநாள் அதைக் கேட்கலாம். ஆனால் ஹார்மோன் மாத்திரை, நரம்பை மூடுகிற ஊசி, அந்த வாரமே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு விமானம், பெரியம்மாவுக்கு இரத்தம் கட்டிய குடும்பம் என்று நாலையும் ஒரே வாரத்தில் ஒரே காலில் ஏற்றாதே. உன் டாக்டரிடம் இதைச் சொன்னாயா? மாத்திரையைச் சொல்லியிருக்க மாட்டாய், நீயும் மருந்து இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய், ஏனென்றால் அதை நான் உனக்கு மஞ்சள் குங்குமத்தோடு கொடுத்தேன். பெரியம்மாவைச் சொல்லியிருக்க மாட்டாய், ஏனென்றால் அதை நாங்கள் உனக்குக் கண்ணேறு என்று சொல்லி வளர்த்தோம். நாளைக்கே கூப்பிட்டு இரண்டையும் சொல். இன்னொன்றும் கேட்டுக்கொள். அழகுக்காகப் போடுகிற ஊசியே ஆனாலும், போட்ட இடம் முதலில் கன்றிப்போய், பழுப்பாகி, அது மறையச் சில வாரம், சில பேருக்கு மாதக்கணக்கில் ஆகும். கோடு தெரியக்கூடாது என்று போட்டுக்கொண்டு, அம்மி மிதிக்கிற அன்றைக்கு வாழைப்பழம் கன்றியதுபோல் ஒரு காலை நீட்டப் போகிறாயா?

அப்படியானால் கல்யாணத்தன்று அது வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். வரட்டும் கண்ணு. நீ மணவறையில் உட்காரத்தான் போகிறாய். என் பால்குடம் அடுத்த தையிலும் இருக்கும், விட்ட வழக்கத்தை நான் பிடித்துக்கொள்வேன். உன் கல்யாணம் ஒருமுறைதான். எந்தச் சாமி முன்னால் உட்காருகிறாயோ அவன்தான் உனக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவன்; அவனுக்குத் தெரியாமல் அன்றைக்கு ஒன்றும் நடந்துவிடாது. இத்தனை வருடம் விரதம் இருந்தவளுக்கு இதை எழுதப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கதவுகளைப் பார்த்தபிறகு, எனக்கு அவனிடம் இருந்த பயத்தைவிட வியப்புதான் கூடிப்போயிற்று. பந்தலில் யாராவது அத்தை என் காதருகே வந்து, "பொண்ணு சுத்தமாத்தானே இருக்கா?" என்று கேட்டால், "ம், காலைலயே குளிச்சிட்டா" என்று சொல்லிவிடுகிறேன். அதை என்னிடம் விட்டுவிடு.

அம்மியைப் பற்றி ஒன்று மட்டும். என் கல்யாணத்தில் அப்பா என் காலைப் பிடித்துத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போட்டபோது அவர் கை நடுங்கியது. கனமாக இருந்ததா என்று பிறகு கேலி செய்தேன். "இல்ல, துடிச்சுச்சு. உன் கால் துடிச்சது என் கையில தெரிஞ்சுச்சு" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. உன் கணுக்காலில் இருக்கிற அந்த நீலக் கோடுகள் என்னிடமிருந்து உனக்கு வந்தவை. எனக்கு அவை வந்தது உன்னைச் சுமந்தபோது. பிரவீன் உன் காலைத் தூக்கும்போது அவை தெரியட்டும். எத்தனை ஃபோன் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அவர் உள்ளங்கையில் உன் கால் துடிக்கும். அந்தத் துடிப்புக்குள் எத்தனை கதவு திறந்து மூடுகிறது என்று அந்தப் பந்தலில் எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரிந்திருக்கும்.

அட்டையைக் குப்பையில் போடாமல் அங்கே மருந்துக்கடையில் கொடுத்துவிடு. டாக்டரிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிடு. பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பாதே. படம் அனுப்புவதானால் உன் காலைப் படம் பிடித்து அனுப்பு, கோடு தெரிய, அப்படியே. நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா